2,000 ரூபாய்க்குள் இயர்பட்ஸ்: ரயிலுக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் எதை வாங்குவது?

பாலாற்றங்கரை
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். நாள்தோறும் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்குகிறேன். மாலையில் திரும்பும்போது தாம்பரம் வரை பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வருவேன். ஐந்து ஆண்டுகளாகக் கம்பி இயர்போனிலேயே காலம் ஓடியது. போன மாதம் வாங்கிய கைப்பேசியில் அதைச் செருகத் துளையே இல்லை. ஆகவே இயர்பட்ஸ் வாங்கியாக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது.

ரயிலில் பாட்டும் ஒலிப்புத்தகமும் கேட்பேன். அலுவலகத்தில் மடிக்கணினி வழியாக நாளுக்கு இரண்டு மூன்று கூட்டங்கள் உண்டு. இரவில் தங்கை டிஎன்பிஎஸ்சி வகுப்பு கேட்க அதையே எடுத்துக்கொள்வாள்.

ஒரு வாரம் தேடி மூன்றில் வந்து நிற்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் பேச்சு பெயரைப் பற்றியதாகிவிடும் என்பதால் விவரத்தை மட்டும் தருகிறேன்.

முதலாவது 999 ரூபாய். காதுக்குழாயை அடைக்கும் ரப்பர் முனை இல்லாமல் காது மடலில் உட்காரும் வகை, 13 மி.மீ. டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்), பேட்டரி 40 மணி நேரம். இரண்டாவது 1,299 ரூபாய். ரப்பர் உண்டு, நான்கு மைக், இஎன்சி, 60 மணி நேரம். மூன்றாவது 1,899 ரூபாய். ரப்பர் உண்டு, 32 டெசிபல் ஏஎன்சி, 36 மணி நேரம்.

என் மனம் இரண்டாவதில் நிற்கிறது. விலை 600 ரூபாய் குறைவு, மணி நேரமோ மிக அதிகம். இஎன்சி இருப்பதால் ரயில் இரைச்சலும் கேட்காது அல்லவா?

அலைவரிசை
ஞாயிறு, இரவு 9.32

கேட்கும், சகோதரி. அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏஎன்சி உங்கள் காதுக்காக வேலை செய்வது: வெளியிலிருந்து உங்களுக்குக் கேட்கும் இரைச்சலைக் குறைக்கிறது. இஎன்சி எதிர்முனையில் இருப்பவருக்காக: நீங்கள் பேசும்போது சுற்றியுள்ள இரைச்சலை மைக்கிலேயே வடிகட்டி உங்கள் குரலை அனுப்ப முயல்கிறது. அதனால் உங்களுக்குக் கேட்கும் ரயில் சத்தம் துளியும் குறையாது. இரண்டையும் “இரைச்சல் நீக்கம்” என்று ஒரே பெயரில் பெரிய எழுத்தில் போடும் விற்பனைப் பக்கங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. தெரிந்தே செய்கிறார்கள்.

அடுத்தது அந்த 60 மணி நேரம். அது பட்ஸை வைத்துச் சார்ஜ் ஏற்றும் பெட்டியில் இருக்கும் சார்ஜையும் சேர்த்த கணக்கு, அதுவும் ஒலியைப் பாதியளவில் வைத்துப் பார்த்தது. காதில் மாட்டினால் ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் பாடும் என்பதைத் தேடிப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும். ஆறேழு மணி நேரம் என்றிருந்தால் உங்களுக்குத் தாராளம். இரவில் பெட்டியைச் சார்ஜில் போடப் போகிறவருக்கு 36-உம் 60-உம் ஒன்றுதான்.

பழுதுமேசை
ஞாயிறு, இரவு 10.05

தாம்பரத்தில் கைப்பேசிப் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறேன். விளம்பரத்தை விட என் மேசைக்கு வருவதைச் சொல்கிறேன், அது உங்களுக்கு உதவும்.

இயர்பட்ஸைக் கொண்டுவரும் பத்துப் பேரைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: “ஒரு பக்கம் வேலை செய்யவில்லை.” பெரும்பாலும் உள்ளே எதுவும் கெட்டிருக்காது. பட்ஸின் அடியிலும் பெட்டியின் குழியிலும் சார்ஜ் ஏறும் சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். வியர்வை உப்பும் காதின் பிசுக்கும் அதில் படிந்து காய்ந்துவிடும். சார்ஜ் ஏறாது. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் அழுத்தித் துடைத்தால் போதும். மிகவும் கறுத்திருந்தால் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு.

“ஒரு பக்கம் சத்தம் குறைவு” என்று வருவதிலும் பாதி, ஒலி வெளிவரும் வலையில் அடைத்த காது அழுக்குதான். ரப்பரைக் கழற்றி, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போகும்.

ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்துவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது. பொத்தான் அளவுப் பேட்டரி, உடலைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். பிரித்தால் பழையபடி மூடாது. பெட்டியின் பேட்டரியை மாற்றலாம், பட்ஸுடையதை மாற்றுவது இந்த விலையில் கட்டுபடியாகாது. இரண்டு, மூன்று ஆண்டு உழைக்கும் பொருள் என்று எண்ணி வாங்குங்கள்.

கம்பிக்கட்சி
ஞாயிறு, இரவு 10.40

இரண்டு ஆண்டில் குப்பைக்குப் போகும் ஒன்றுக்கு 1,899 ரூபாயா, அம்மா? டைப்-சி முனையுள்ள கம்பி இயர்போன் 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சார்ஜ் தேவையில்லை, தாமதம் இல்லை, தொலையாது. கம்பியில் தொங்கும் மைக் வாய்க்கு அருகில் இருப்பதால் உங்கள் குரல் எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மாணவர்களுக்கு இணையவழியில் பாடம் எடுக்க ஐந்தாண்டுகளாகக் கம்பியையே பயன்படுத்துகிறேன். தேவையில்லாத ஒன்றை நம்மிடம் தேவையாக்கிவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அலைவரிசை
ஞாயிறு, இரவு 10.58

ஐயா சொல்வதில் மைக் பற்றிய பகுதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். காதில் இருக்கும் மைக், வாய்க்கு அருகில் தொங்கும் மைக்குக்கு ஈடாகாது. காற்று அடித்தால் இன்னும் மோசம். பாலாற்றங்கரை, டைப்-சி கம்பி வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சில கைப்பேசிகள் டைப்-சி வழியாக நேரடி ஒலியைத் தராது. அவற்றுக்கு உள்ளே டிஏசி சில்லு (டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றுவது) வைத்த இயர்போனோ மாற்றியோதான் வேலை செய்யும்.

பாலாற்றங்கரை
திங்கள், காலை 7.15 (ரயிலில் இருந்து)

ஐயா, கம்பியின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கிண்டியில் ஏறிப் பாருங்கள். கம்பி யாருடைய பையின் ஜிப்பிலாவது மாட்டிக்கொள்ளும். இந்த ஐந்து ஆண்டில் அறுந்தவை நான்கு. ஒருமுறை இழுத்த இழுப்பில் கைப்பேசியே கீழே விழுந்து திரை உடைந்தது. அதனால்தான் கம்பியை விட்டு விலக நினைக்கிறேன்.

இஎன்சி விளக்கத்துக்கு நன்றி. நேற்றிரவே வாங்கியிருந்தால் ஏமாந்திருப்பேன்.

ஸ்வரக்கோவை
திங்கள், காலை 9.20

மூன்றிலும் எல்டேக் இல்லை. நொடிக்கு 990 கிலோபிட் வரை கடத்தும் கோடெக் அது, அதாவது பாட்டைச் சுருக்கிப் புளூடூத்தில் அனுப்பும் முறை. ஒரு வாரம் தேடிவிட்டு எஸ்பிசி, ஏஏசி என்ற சாதாரண கோடெக்குகள் மட்டும் உள்ள பொருளை வாங்குவது எனக்கு ஏற்கவில்லை. நாகஸ்வரத்தின் கமகத்தை ஒருமுறை நல்ல ஒலியில் கேட்டவர் திரும்பிப் போக மாட்டார். தள்ளுபடிக் காலத்தில் இந்த விலையை ஒட்டியே எல்டேக் உள்ளவை வருகின்றன. காத்திருக்கலாம்.

அலைவரிசை
திங்கள், காலை 11.05

வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவருக்கு உங்கள் பேச்சு சரி. ரயிலுக்குச் சரியில்லை. எல்டேக்குக்கு 990, 660, 330 என்று மூன்று நிலைகள் உண்டு. அலை நெரிசல் உள்ள இடத்தில் கைப்பேசி தானாகவே கீழ் நிலைக்கு இறக்கிவிடும். புளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இடம் தேடுகின்றன. ஒரு ரயில் பெட்டியில் நூறு பேர் நூறு கைப்பேசியோடு நிற்கும்போது 990-ஐப் பிடித்து வைக்க முடியாது. ஐபோன் வைத்திருப்பவருக்கோ எல்டேக்கே கிடையாது, ஏஏசியும் எஸ்பிசியும் மட்டும்தான். அதோடு, சுற்றிலும் சக்கரம் உறுமும்போது கமகத்தின் நுணுக்கத்தைக் கெடுப்பது கோடெக் அல்ல, அந்த உறுமல்தான்.

5.3, 5.4 என்ற புளூடூத் பதிப்பு எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண் கூடியதால் மட்டும் பாட்டு இனிமையாகாது.

ஸ்வரக்கோவை
திங்கள், பகல் 12.30

ரயிலுக்கு என்றால் விட்டுக்கொடுக்கிறேன். வீட்டுக்கு என்றால் என் சொல்லில் நிற்கிறேன்.

இருசக்கரம்
திங்கள், இரவு 8.45

கழுத்தில் மாட்டும் நெக்பேண்டை யாரும் சொல்லவில்லையே. பொருள்களை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் வேலை என்னுடையது. நாள் முழுக்க அழைப்புகள் வரும். கழற்றினால் கழுத்தில் தொங்கும், கீழே விழாது, ஒன்று தொலைந்து மற்றொன்று அனாதையாகாது. பேட்டரி பெரிது என்பதால் எனக்கு இரண்டு நாள் வருகிறது. 2,000 ரூபாய்க்குள் நெக்பேண்டில் கிடைக்கும் தரம் இயர்பட்ஸில் கிடைக்காது. வண்டி ஓடும்போது மாட்ட மாட்டேன், நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன். சாலையில் ஹாரன் கேட்காத காதோடு போவது தற்கொலைக்குச் சமம்.

பழுதுமேசை
திங்கள், இரவு 9.15

தம்பி சொல்வது உண்மை. தொலைந்த ஒற்றை பட்ஸுக்கு ஜோடி கேட்டு வாரம் ஒருவராவது வருகிறார்கள். ஒற்றையாக வாங்க முடிந்தாலும் புதிய ஜோடியின் விலையில் பாதியைத் தாண்டிவிடும்.

செவிநலம்
திங்கள், இரவு 10.20

செவித்திறன் பரிசோதனை மையத்தில் பணிபுரிகிறேன். இதுவரை டெசிபல், மணி நேரம், கிலோபிட் எல்லாம் பேசினீர்கள். இந்தக் கருவி போய் உட்காரப்போகும் காதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. என் கணிப்பில் தேர்வு அங்கேதான் தொடங்க வேண்டும்.

ரப்பர் காதுக்குழாயைச் சரியாக அடைத்தால் வெளிச்சத்தத்தில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும். அடைக்காவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி போல ஆழமான ஒலிகள் எல்லாம் இடைவெளி வழியே கசிந்துவிடும், ஏஎன்சியும் பலன் தராது. ஏஎன்சி அடக்குவது மோட்டார், மின்விசிறி, சக்கரம் போன்ற தாழ்ந்த, ஒரே சீரான இரைச்சலை. பேச்சையும் ஹாரனையும் அவ்வளவாக அடக்காது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 32 டெசிபல் என்பது ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு, எல்லா ஒலிக்கும் அல்ல.

நான் ஏஎன்சிக்கு ஆதரவாகப் பேசுவதற்குக் காரணம் இசைச் சுகம் அல்ல. ரயிலில் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டுகிறீர்களே, அந்தப் பழக்கம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கிறது. 90 டெசிபலுக்குப் போனால் அதே பாதிப்புக்கு வாரத்தில் 4 மணி நேரம் போதும். நாளுக்கு மூன்று மணி நேரம் ரயிலில் இருப்பவர் திங்களும் செவ்வாயும் முடிவதற்குள் அதைக் கடந்துவிடுவார். உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. இருபத்தைந்து வயதில் காதில் ஓயாத ரீங்காரத்தோடு வருகிறவர்களிடம் இதை வந்தபிறகு சொல்ல எனக்கு மனம் கனக்கிறது.

பாலாற்றங்கரை, இப்போது ரயிலில் ஒலியை எந்த அளவில் வைக்கிறீர்கள்?

பாலாற்றங்கரை
திங்கள், இரவு 10.34

பதினைந்து படிகளில் பதின்மூன்று. பல்லாவரம் பக்கம் எதிர்த்தடத்தில் ரயில் வந்தால் பதினான்கு.

செவிநலம்
திங்கள், இரவு 10.41

அப்படியானால் மூன்றாவதை வாங்குங்கள். 600 ரூபாய் வித்தியாசத்தை வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சப்படுத்துங்கள்.

மாடிவீடு
செவ்வாய், காலை 6.50

தங்கையின் பக்கம் நின்று ஒன்று சொல்லலாமா? நான் நான்கு மணி நேரம் தொடர்ந்து வகுப்பு கேட்பவள். ரப்பர் வகையை மாட்டினால் இரண்டாம் மணியில் காது புழுங்கும். பேசினால் என் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல எனக்குள் முழங்கும். வீட்டில் அமைதியாக இருக்கும்போது காதை அடைக்க வேண்டிய தேவையே இல்லை. அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும். எனக்கு அந்த 999 ரூபாய் வகைதான் இதமாக இருக்கிறது. எல்லோரும் முதலாவதை ஒதுக்கிவிட்டதால் எழுதினேன்.

செவிநலம்
செவ்வாய், காலை 8.05

நல்லது. குடத்துக்குள் பேசுவதுபோல் இருப்பதற்குக் காரணம், வாயிலிருந்து எலும்பு வழியே வரும் ஒலி வெளியேற வழியில்லாமல் அடைபட்ட குழாய்க்குள்ளேயே நிற்பது. அமைதியான அறைக்கு ரப்பர் இல்லாத வகை நல்ல தேர்வு. ரயிலில் மட்டும் வேண்டாம். 13 மி.மீ. என்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். காதை அடைக்காத வகையில் ஆழ்ந்த ஒலி கசிந்துவிடுவதால் அதை ஈடுகட்டப் பெரிய டிரைவர் தேவைப்படுகிறது.

பாலாற்றங்கரை
புதன், இரவு 9.00

இன்று தோழியின் இயர்பட்ஸை வாங்கி அலுவலக மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். பாட்டு அருமையாக ஒலித்தது. கூட்டத்தில் சேர்ந்த நொடியே எல்லோருடைய குரலும் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் மங்கிவிட்டது. தோழியுடையது 5,000 ரூபாய்ப் பொருள். அதிலேயே இப்படியென்றால் 1,899 ரூபாயில் என்ன எதிர்பார்க்க முடியும்? மறுபடி குழம்பிவிட்டேன்.

அலைவரிசை
புதன், இரவு 9.25

குழம்ப வேண்டாம், இது விலையால் வந்த குறை அல்ல. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு வழியில் ஒலி ஒருதிசையில் மட்டும் பாயும், தரம் நன்றாக இருக்கும். பட்ஸின் மைக்கைத் திறந்த உடனே கணினி பேச்சு வழிக்கு மாறிவிடும். அதில் ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் மாதிரி எடுக்கிறார்கள். பாட்டுக்கு 44,100. தொலைபேசிபோல் கேட்பது அதனால்தான்.

வழி எளிது. கூட்டச் செயலியின் ஒலி அமைப்பில் கேட்கும் கருவியாக இயர்பட்ஸையும், மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பட்ஸின் மைக் திறக்காது, பாட்டு வழியிலேயே இருக்கும். உங்கள் குரலும் மடிக்கணினி மைக்கில் நன்றாகவே போகும், அறை அமைதியாக இருந்தால். நாளைக்கே தோழியுடையதில் சோதித்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை
வியாழன், பகல் 1.20

சோதித்தேன். குரல்கள் எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டன. தோழி இரண்டு ஆண்டுகளாக இது தெரியாமல் மங்கலாகவே கேட்டுவந்திருக்கிறாள். அவளும் நன்றி சொல்லச் சொன்னாள். மூன்றாவதையே வாங்கப் போகிறேன்.

பழுதுமேசை
வியாழன், பகல் 2.10

வாங்கும்முன் இரண்டு பாருங்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா, மாற்றுப் பொருள் மட்டும்தானா என்பதைப் படியுங்கள். காதில் போடும் பொருள் என்பதால் பல இடங்களில் மாற்று மட்டும்தான். அடுத்தது, அட்டைப்பெட்டியில் “ஆர்” என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவானது என்று காட்டும். லித்தியம் பேட்டரியைக் காதில் வைக்கிறோம், இதில் அலட்சியம் வேண்டாம். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். உத்தரவாதத்தில் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

நீர் தாங்கும் அளவு ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் வியர்வைக்கும் தூறலுக்கும் போதும். அது பட்ஸுக்கு மட்டும், பெட்டிக்கு அல்ல. ஈரத்தோடு பெட்டிக்குள் போடாதீர்கள்.

பாலாற்றங்கரை
திங்கள், இரவு 9.50

வந்துவிட்டது. சொல்லவே வருத்தமாக இருக்கிறது, எனக்குப் பெரிய ஏமாற்றம். ஏஎன்சியைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே சத்தம். பாட்டில் ஆழமே இல்லை, தகரத்தில் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. இடது பக்கம் பேசும்போதெல்லாம் நழுவுகிறது. கூடுவாஞ்சேரியில் ஒருமுறை கீழே விழுந்து, பக்கத்தில் நின்ற பெண் எடுத்துக் கொடுத்தார். 1,899 ரூபாய் போய்விட்டதே என்றிருக்கிறது.

செவிநலம்
திங்கள், இரவு 10.02

திருப்பி அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைக்கும் ஒரே காரணம், ரப்பர் அடைக்கவில்லை. பெட்டியோடு மாட்டி வந்த நடுத்தர ரப்பரையே வைத்திருக்கிறீர்களா? உள்ளே சிறியது, பெரியது என்று இன்னும் இரண்டு ஜோடி இருக்கும். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பலருக்கு இரு காதுக்குழாயும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மாட்டும்போது மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்து, பட்ஸை உள்ளே வைத்துச் சற்றுத் திருப்புங்கள். மடலை விட்டதும் குழாய் ரப்பரைப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறியை ஓடவிட்டு, பாட்டில்லாமல், அதன் இரைச்சல் எந்த ரப்பரில் அதிகம் குறைகிறது என்று பாருங்கள். வலித்தால் அது உங்கள் அளவு அல்ல.

பாலாற்றங்கரை
திங்கள், இரவு 10.47

இடது காதுக்குச் சிறியது, வலது காதுக்கு நடுத்தரம். நாற்பது நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்த நொடியில் மின்விசிறி நின்றுவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் பெரிய ரப்பர்தான் கெட்டியாகப் பிடிக்கும் என்று நினைத்து, இடது பக்கம் அதைத்தான் முதலில் மாட்டியிருந்தேன்.

கம்பிக்கட்சி
செவ்வாய், காலை 7.30

மகிழ்ச்சி, அம்மா. என் கட்சி தோற்றாலும் உங்கள் காது பிழைத்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தண்டவாளம் பக்கம் போகும்போதும் நடைமேடை ஓரத்தில் நிற்கும்போதும் கழற்றிவிடுங்கள். ரயில் வருவது தெரியாமல் தண்டவாளத்தைக் கடந்தவர்களின் செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் என் மாணவர்களின் முகம்தான் கண்ணில் வருகிறது.

பாலாற்றங்கரை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.15

கேட்ட அனைவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐயா, ரயில் நிற்கும் முன்பே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். மேம்பாலம் ஏறித்தான் போகிறேன்.

ரயிலில் ஒலி இப்போது ஏழு அல்லது எட்டாவது படியில் இருக்கிறது. சக்கரத்தின் உறுமல் பெருமளவு அடங்கிவிட்டது. வேர்க்கடலை விற்பவரின் குரல் மட்டும் எதையும் துளைத்துக்கொண்டு வருகிறது. நடைமேடையில் நின்று பேசினால் எதிரில் இருப்பவர் இன்னும் இருமுறை கேட்கிறார். அங்கே கைப்பேசியையே காதில் வைத்துப் பேசிவிடுகிறேன். ஏஎன்சி போட்டு ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது, எனக்குப் போதும்.

தங்கைக்குத்தான் மாடிவீடு சொன்னதே நடந்தது. ரப்பர் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளால் முடியவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் அந்த 999 ரூபாய் வகையை அவளுக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அதுவரை ஒன்றையே இருவரும் பயன்படுத்துவதில் தொற்று ஏதும் வருமா?

செவிநலம்
ஞாயிறு, மாலை 7.02

ஒரே ரப்பரைப் பகிர வேண்டாம். காதில் சீழோ அரிப்போ இருந்தால் பட்ஸையே பகிர வேண்டாம். மற்றபடி ஆளுக்கொரு ரப்பர் வைத்துக்கொண்டு, மாற்றும்போது பட்ஸின் மூக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ரப்பரை மட்டும் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மாட்டலாம்.

பாலாற்றங்கரை
ஞாயிறு, மாலை 7.20

பெரிய ரப்பர் ஜோடி பயன்படாமல் கிடந்தது. இப்போது மாட்டிப் பார்க்கச் சொன்னேன், அவள் காதுக்கு அதுதான் சரியாக இருக்கிறது. அவளுடையதை ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் தனியாக வைத்துவிட்டோம்.